டக்ட் இல்லாத வீட்டுக்கு சென்ட்ரல் ஏ.சி.!

சென்ட்ரல் ஏ.சி. என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சினிமா தியேட்டர்தான். வெளியே கொளுத்தும் வெயில். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு உள்ளே காலை வைத்தால் முகத்தில் ஒரு குளிர் வந்து அடிக்கும் பாருங்கள், ஆஹா! மெஷின் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சத்தம் கிடையாது. சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்றும் தொங்காது. படம் எப்படி இருந்தாலும் கொடுத்த காசுக்கு அந்தக் குளிரே போதும் என்று உட்கார்ந்திருந்த நாட்கள் நமக்கு உண்டு!

வீட்டுக்காரர்கள் "சென்ட்ரல் ஏ.சி. வேணும்" என்று கேட்கும்போது அவர்கள் மனதில் இருப்பதும் இதேதான். ஆனால் தியேட்டரைக் கட்டும்போதே காற்று போக வழி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீட்டில் அந்த வழிக்கு எங்கே போவது?

நான் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் பிரிவு. சாண்ட்விச் கோர்ஸ் என்பதால் ஆறு மாதம் இண்டஸ்ட்ரியல் டிரெயினிங் உண்டு. ஒரு ஏ.சி. கான்ட்ராக்டரிடம் அந்த ஆறு மாதத்தைக் கழித்தேன். அதில் ஏறக்குறைய இரண்டு மாதம் மயிலாப்பூரில் ஒரே ஒரு பழைய வீட்டில்தான் வேலை. அந்த வீட்டை வைத்தே இந்த விஷயத்தைச் சொல்கிறேன். மெக்கானிக்கல்காரர்களுக்கு மட்டும்தானே என்று சிவில், ட்ரிபிள்-ஈ நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வேலைதான் இதில் பாதிக்கு மேல்!

முதலில் டன் கணக்கு. ஏ.சி.யை ஏன் டன்னில் சொல்கிறோம்? மெஷினின் எடை என்று நினைக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. ஒரு பவுண்டுக்கு 144 பி.டி.யு.; பெருக்கி 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யு. கிலோவாட்டில் 3.517. வைவாவில் தவறாமல் வரும் கேள்வி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, அது 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களை வைக்கக் கட்டியது. ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் வேலை. ஆக, டன் கணக்கில் குளிர்ச்சி வாங்குவது சென்னைக்குப் புதிது இல்லை!

சரி, விஷயத்துக்கு வருவோம். டன்னை விட முக்கியம் காற்று. ஒரு டன் குளிர்ச்சியை அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நிமிடத்துக்கு சுமார் 400 கன அடி காற்று வேண்டும். நம் ஊர் மாதிரி புழுக்கமான இடத்தில் 350 வைத்தால் காயில் இன்னும் கொஞ்சம் சில்லென்று ஆகி ஈரத்தை நன்றாக வடிக்கும். மூன்று டன் மெஷினுக்கு 1,200 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காற்றை சத்தம் இல்லாமல் அனுப்ப நிமிடத்துக்கு 700 அடி வேகத்துக்கு மேல் போகக்கூடாது. வகுத்துப் பார்த்தால் 1.7 சதுர அடி. அதாவது 20 அங்குல அகலம், 12 அங்குல உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. அதன் மேல் இன்சுலேஷன். இது போகிற காற்றுக்கு மட்டும். போன காற்று திரும்பி வர இன்னொரு வழி வேண்டும். எல்லோரும் மறந்துவிடுவது இந்த இரண்டாவது வழியைத்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் உள்ளே தள்ளிய காற்று எங்கே போகும்? கதவுக்கு அடியில் ஒரு அங்குல இடுக்கு போதும் என்பார்கள். மூன்றடி கதவுக்கு அது கால் சதுர அடி. 350 கன அடி காற்றை அதில் நுழைத்தால் வேகம் நிமிடத்துக்கு 1,400 அடி! விசில் அடிக்கும். அறைக்குள் காற்று முட்டிக்கொண்டு நிற்கும், குளிர் வராது. வீட்டுக்காரர் மெஷினைத் திட்டுவார்.

அமெரிக்காவில் சென்ட்ரல் ஏ.சி. வீட்டுக்கு வீடு இருப்பதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. அங்கே பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். சுவருக்குள் இடைவெளி உண்டு, மேலே பரண் மாதிரி அட்டிக், கீழே பேஸ்மென்ட். குளிர்காலத்துக்குச் சூடான காற்றை அனுப்ப ஃபர்னஸும் டக்ட்டும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். அதே டக்ட்டில் ஒரு கூலிங் காயிலைச் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் அங்கேயும் பாய்லர் வைத்து, வெந்நீரை ரேடியேட்டரில் ஓட்டும் பழைய வீடுகள் நிறைய. அவற்றில் டக்ட் கிடையாது. அதற்கென்றே அவர்கள் ஒரு வித்தை செய்திருக்கிறார்கள். இரண்டு அங்குலக் குழாய்களை வளைத்து நெளித்துச் சுவர் இடைவெளியில் ஓட்டி, அதிக அழுத்தத்தில் காற்றைத் தள்ளுவது. டன்னுக்கு 200 முதல் 250 கன அடி காற்று போதும். ஆனால் அது அவ்வளவு சில்லென்று இருக்கும். அறையில் ஒரு டீ சாஸர் அளவு ஓட்டைதான் தெரியும். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் நம் பழைய வீட்டுச் சுவரில் இடைவெளி ஏது? பதினெட்டு அங்குலமும் செங்கல், சுண்ணாம்பு.

சுவர் இருக்கட்டும், மேலே பாருங்கள். சிவில் நண்பர்களுக்கு மெட்ராஸ் டெரஸ் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போடுவார்கள். அதன் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட்டைக் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டு ஓடு. ஒரு துண்டு இரும்புக் கம்பி இல்லாமல் நூறு வருஷம் நிற்கும். கீழிருந்து பார்த்தால் கட்டைகள் அப்படியே தெரியும். மேலே மொட்டை மாடி, கீழே அறை. நடுவில் டக்ட் ஒளிந்துகொள்ள ஒரு அங்குலம்கூட இடம் கிடையாது.

எங்களுக்கு முன்னால் வேறு ஒரு கம்பெனி அந்த வீட்டுக்கு வந்து போயிருந்தது. அவர்கள் போட்டுக் கொடுத்த பிளானை வீட்டுக்காரர் எடுத்துக் காட்டினார். முற்றத்தை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவது. கூடம், தாழ்வாரம் எல்லாம் சேர்த்து 1,400 சதுர அடியும் குளிராக்குவது. 120 சதுர அடிக்கு ஒரு டன் என்று மார்க்கெட் கணக்கில் 12 டன் மெஷின். மெயின் டக்ட் மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்கு மேல் உயரம். அது கூடத்தைக் குறுக்கே தாண்டிப் போக வேண்டும். அதற்காக இரண்டு இடத்தில் கட்டைகளை "லைட்டா" செதுக்குவது. வீடு முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது!

இந்த "லைட்டா" என்ற வார்த்தையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் செக்ஷன் மாடுலஸ் படித்தோமே, பி.டி. ஸ்கொயர் பை ஆறு. பலம் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறு அங்குலக் கட்டையின் நடுவில் இரண்டு அங்குலம் செதுக்கினால் மிச்சம் நாலு. நாலின் வர்க்கம் 16, ஆறின் வர்க்கம் 36. மூன்றில் ஒரு பங்கு மரத்தை எடுத்தோம், பாதிக்கு மேல் பலம் போய்விட்டது. 44 சதவீதம்தான் பாக்கி. அதுவும் செதுக்கிய மூலையில் விரிசல் ஆரம்பிக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல். மேலே எத்தனை டன் செங்கலும் சுண்ணாம்பும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கும் அந்த வீட்டுக்கு ஆகாது. தேக்கு லேசில் கெடாது. ஆனால் கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கினால் முதலில் உளுத்துப்போவது அந்த முனைதான். கறை தெரிந்தால் உடனே மாடியில் போய் ஓட்டைச் சரி பண்ணுவார்கள். கறையையே மறைத்துவிட்டால்? கரையானுக்கும் அது நல்ல வசதி!

ஏன் அந்த வீட்டுக்கு ஏ.சி.? வீம்புக்கு இல்லை. வீட்டில் எண்பது வயசைத் தாண்டிய ஒரு பாட்டி. மே மாதத்தில் இரண்டு தடவை புழுக்கம் தாங்காமல் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர், "இடிச்சுட்டு ஃபிளாட் கட்டிடலாம், அம்மாவுக்கும் ஒரு ஏ.சி. ரூம் கிடைக்கும்" என்ற கட்சி. புரமோட்டர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். இளையவர், "வீட்டை இடிக்காம பண்ண முடிஞ்சா பண்ணுங்க சார். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்று எங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். பாட்டி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்ப்பா, முற்றத்தை மூடிட்டா நான் துளசிக்கு எங்க தண்ணி ஊத்தறது?"

எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் டேப்பை எடுத்தார். மெஷினைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் இரண்டு நாள் அளந்தது எல்லாம் வீட்டை. யார் எந்த நேரத்தில் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். பகலில் பாட்டி முன் அறையில். ராத்திரி எல்லோரும் படுக்கிற நாலு அறை. கூடத்தில் முற்றத்துக் காற்று வருகிறது, ஃபேன் போதும். ஆக, குளிராக்க வேண்டியது 1,400 இல்லை, 700 சதுர அடி! ரேழியின் இரண்டு பக்கமும் 15 அடிக்கு 12 அடியில் ஒவ்வொரு அறை, பின்கட்டில் ஒன்று, மாடியில் ஒன்று. முற்றம் முற்றமாகவே இருக்கட்டும்.

அடுத்தது ஹீட் லோட். ரேழி அறை ஒன்றுக்கு நான் போட்ட கணக்கு இது. வெளியே 38 டிகிரி, ஈரக்குமிழ் 28 டிகிரி. உள்ளே 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். கூரை வழியாக 690 வாட். சுவர், ஜன்னல் சேர்த்து 500. ஆள் இரண்டு பேருக்கு 260. விளக்கு, ஃபேன், டி.வி. 150. இதுவரை 1,600 வாட். இனிமேல்தான் வேடிக்கை. பழைய கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக நிமிடத்துக்கு 50 கன அடி வெளிக்காற்று நுழைகிறது என்று வைத்தால் அதற்கு மட்டும் 1,100 வாட்டுக்கு மேல். கூரையை விட அதிகம்! அதிலும் மூன்றில் இரண்டு பங்கு காற்றைக் குளிராக்க இல்லை, அதிலுள்ள ஈரத்தை வடிக்க. ஏ.சி. பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902-ல் புரூக்லின் அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் சுருங்கி விரிந்து கலர் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காமல் போனது. அதைச் சரி பண்ணத்தான் வில்லிஸ் கேரியர் முதல் மெஷினை டிசைன் செய்தார். மனிதனுக்குச் சுகம் என்பது அப்புறம் வந்தது.

மொத்தம் 2,740 வாட், முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேல். இதற்கு ஒரு டன் தாராளம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு டன் போட்டால் என்ன ஆகும்? பழைய மாதிரி ஒரே வேகத்தில் ஓடும் மெஷின் என்றால் ஐந்து நிமிடத்தில் 24 டிகிரியைத் தொட்டு நின்றுவிடும். காயிலில் தண்ணீர் வடிய ஆரம்பிப்பதற்குள் ஆஃப். அறை சில்லென்று இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. பாட்டிக்கு வேண்டியது ஃபிரிட்ஜ் இல்லை. காய்ந்த, மிதமான காற்று.

மெஷின் வாங்குவதற்கு முன்னால் இரண்டு வேலை செய்தோம். மொட்டை மாடியில் வெள்ளை கூல் டைல்ஸ், வாட்டர் புரூஃபிங்கோடு சேர்த்து. கூரை வழி வரும் வெப்பம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று கணக்கு. அதை விட, மழைத் தண்ணீர் கட்டை முனைக்கு இறங்காது என்பதுதான் பெரிய லாபம். இரண்டாவது, ஆசாரியை வைத்துக் கதவு ஜன்னலின் இடுக்குகளை அடைத்தது. ஏ.சி. கம்பெனி ஆசாரியைக் கூப்பிடுவதைப் பார்த்து மூத்தவருக்குச் சிரிப்பு!

இப்போது வழி. அந்த வீட்டில் டக்ட் போக இடமே இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஒரே ஒரு இடம் இருந்தது. ரேழி. தெருக் கதவுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஐந்தடி அகலத்தில், பன்னிரண்டரை அடி உயரத்தில் ஒரு நடை. யாரும் அங்கே நின்று அண்ணாந்து பார்ப்பதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். எட்டரை அடியில் மரப்பலகையில் ஒரு சீலிங் அடித்தால் அதற்கு மேல் நாலடி இடம் கிடைக்கிறது. டக்ட்டட் யூனிட் ஒன்றின் உயரம் ஒரு அடிக்குள்தான்.

சுவரை உடைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். இங்கேதான் அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். இரண்டு அறைகளிலும் ரேழிப் பக்கச் சுவரில், ஒன்பது அடி உயரத்தில், கயிறு இழுத்துத் திறக்கும் வென்டிலேட்டர் இரண்டிரண்டு இருந்தன. சூடான காற்று மேலே ஏறி வெளியே போக வைத்தது. ஒன்றில் போகும் காற்று, இன்னொன்றில் திரும்பும் காற்று! ஒரு செங்கல்கூடப் பெயர்க்கவில்லை. மரச்சட்டத்தைக் கழற்றி, பத்திரமாகத் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, அதே அளவில் கிரில் செய்து மாட்டினோம். போகும் வழியில் 18-க்கு 8 அங்குலம் மட்டும் திறந்து மீதியைப் பலகையால் மூடினோம், காற்றுக்கு வேகம் வேண்டுமே. திரும்பும் வழி முழுசாகத் திறந்தது. அங்கே காற்று மெதுவாகப் போவதால் சத்தமே இல்லை. இரண்டும் ஒரே உயரத்தில், ஆறடி தள்ளி இருப்பதால் போன காற்று அறைக்குள் இறங்காமல் அப்படியே யு-டர்ன் அடித்துவிடும் அபாயம் உண்டு. அதற்காக கிரில்லின் தகடுகளைக் கீழ்நோக்கியும் எதிர்ப்பக்க மூலையை நோக்கியும் திருப்பி வைத்தார் அண்ணன். ஊதுவத்தி ஏற்றிப் புகை எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருப்பினோம். பாட்டி, "சாமிக்கு காட்டாம சுவத்துக்குக் காட்டறேளே!" என்று கேட்டார்.

திரும்பும் காற்றுக்கும் ஜி.ஐ. தகட்டில் தனிப் பெட்டி செய்தோம். சீலிங்குக்கு மேலே உள்ள வெற்றிடத்தையே திரும்பும் வழியாக வைத்தால் தகடு மிச்சம்தான். ஆனால் தெருக் கதவு இடுக்கு வழியாக வெளிக்காற்றையும், மேலே கட்டையிலிருந்து உதிரும் சுண்ணாம்புத் தூளையும் சேர்த்து இழுத்து பாட்டியின் மூக்குக்கு அனுப்பும். யூனிட்டைத் தேக்குக் கட்டையில் தொங்கவிடவில்லை. சுவருக்குச் சுவர் சின்ன சேனல் ஒன்றை வைத்து அதில் ரப்பர் போட்டுத் தொங்கவிட்டோம்.

பின்கட்டு அறைக்கும் மாடி அறைக்கும் டக்ட் கொண்டுபோக வழியே இல்லை. அங்கே காற்றை அனுப்புவதை விட்டுவிட்டுக் குளிரை மட்டும் அனுப்பினோம். அது எப்படி? மூன்று டன் குளிர்ச்சியைக் காற்றாக அனுப்பினால் நிமிடத்துக்கு சுமார் 40 கிலோ காற்று போக வேண்டும். அதே குளிர்ச்சியை ஆர்-410ஏ ரெஃப்ரிஜரென்ட் சுமார் 4 கிலோவில் கொண்டுபோகும், அது கொதித்து ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை விழுங்குவதால். 20-க்கு 12 அங்குலப் பெட்டிக்குப் பதில் விரல் பருமனில் இரண்டு காப்பர் குழாய், ஒன்று 3/8 அங்குலம், இன்னொன்று 5/8. இன்சுலேஷனோடு சேர்த்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். மாடியில் ஒரே ஒரு அவுட்டோர் யூனிட். அதிலிருந்து கிளை பிரிந்து ரேழி டக்ட்டட் யூனிட்டுக்கு, பின்கட்டுக்கு, மாடி அறைக்கு. இந்த வி.ஆர்.எஃப். முறையை 1982-ல் ஜப்பானில் டெய்கின் கம்பெனி வி.ஆர்.வி. என்ற பெயரில் கொண்டுவந்தது. ஒவ்வொரு அறைக்கும் வேண்டிய அளவு மட்டும் எலக்ட்ரானிக் வால்வு திறந்து விடும்.

உள்ளே இரண்டு, ஒன்று, ஒன்றரை என்று மொத்தம் நாலரை டன். வெளியே 14 கிலோவாட், அதாவது நாலு டன்தான். குறைகிறதே என்று பதற வேண்டாம். மத்தியானம் மாடி அறையில் ஆள் இல்லை, ராத்திரி கூரை ஆறிவிடுகிறது; எல்லா அறையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. 12 டன் எங்கே, நாலு டன் எங்கே!

அவுட்டோர் யூனிட் நூறு கிலோ வரும். அதை மாடித் தளத்தின் நடுவில் வைத்தால் கீழே கட்டைக்குத்தான் பாரம், அதிர்வும் சேர்ந்து. இரண்டு கனச் சுவர்கள் சந்திக்கும் மூலைக்கு மேலே ஆங்கிள் ஃபிரேம் போட்டு வைத்தோம். மூச்சு விட சுற்றிலும் இடம் வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சொருகினால் தான் விட்ட சூட்டையே தான் இழுக்கும்.

ட்ரிபிள்-ஈ நண்பர்களுக்கு இரண்டு வரி. பழைய வீட்டு மரக் கேஸிங் வயரிங்கில் ஒரு ஏ.சி.யைக்கூட மாட்டக்கூடாது, பல வீடுகளில் எர்த்தே இருக்காது. இ.பி.யில் லோடு கூட்டி வாங்கி, தனி எர்த், தனி எம்.சி.பி., யூனிட்டுக்குத் தனி கேபிள் இழுத்த பிறகுதான் மற்றது.

காப்பர் வேலையில் பொறுமைதான் எல்லாம். பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கறுப்பாக ஆக்ஸைடு படிந்து பிற்பாடு அந்த எலக்ட்ரானிக் வால்வை அடைக்கும். முடித்ததும் 4 மெகாபாஸ்கல், அதாவது 580 பி.எஸ்.ஐ.க்கு நைட்ரஜன் ஏற்றி ஒரு நாள் முழுக்க முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு வேக்குவம் பம்ப், 500 மைக்ரானுக்குக் கீழே. "காத்தை வெளிய தள்ளிட்டா போதும், கேஸைத் திறந்து விடு" என்று அவசரப்படும் ஆட்கள் உண்டு. ஒரு முறை கசிந்தால் சுவரையும் சீலிங்கையும் பிரிக்க வேண்டி வரும். சுவரில் துளை போட சுத்தியல் கூடாது, கோர் டிரில்தான். சுத்தியல் பட்டால் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாக விழும்.

கடைசியாக யாரும் கவனிக்காத ஒரு ஐட்டம், டிரெயின் பைப். ஒரு டன் மெஷின் நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரை வடிக்கும். நாலு டன் என்றால் ஆறு லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 48 லிட்டர், மூன்று நாலு குடம்! இது வேறு எங்கேயோ போகாமல் சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கினால், மழையிலிருந்து நாங்கள் காப்பாற்றிய அதே கட்டை முனையை நாங்களே ஊறப்போட்ட மாதிரி. நூறு அடிக்கு ஒரு அடியாவது சரிவு வேண்டும், வழியில் எங்கும் தொய்வு கூடாது. பைப்புக்கும் இன்சுலேஷன் உண்டு. இல்லாவிட்டால் பைப்பே வேர்த்துச் சொட்டும். ரேழியிலிருந்து வரும் டிரெயினை அண்ணன் முற்றத்துக்குக் கொண்டுவந்து, துளசி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை அண்டாவில் விட்டார். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ பேட்டரிக்கு ஊற்றவோ வேண்டாம், காயிலில் படிந்த தூசியும் கிருமியும் அதில் வரும். செடிக்கும் வாசல் தெளிக்கவும் தாராளம்.

ரேழி சீலிங்கை மூடுவதற்கு முன்னால் டிரெயின் தட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அண்டாவில் முழுசாக வந்து சேர்கிறதா என்று நானும் இளையவரும் அளந்து பார்த்தோம். வந்தது. அதன் பிறகு ஆசாரி பலகையை அடித்தார். யூனிட்டுக்கு நேர் கீழே இரண்டடிக்கு இரண்டடி ஒரு கதவு, நாதாங்கி வைத்து. மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவ அது வேண்டும். கூடவே டார்ச் அடித்து மேலே தேக்குக் கட்டையையும் பார்த்துக்கொள்ளலாம்.